ரேஸ் புத்தகத்தைப் புரிந்துகொள்ள: குதிரைப் பந்தயச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், எண்ணும் அடைப்புக்குறியுமாக ஒரு பத்தி வரும். குதிரைப் பந்தய முடிவுகள். பழகியவர்கள் அரை நிமிடத்தில் படித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது பழைய தந்தி வாசகம் போலத் தெரியும். அந்தப் பத்தியில் வரும் சொற்களையும், மைதானத்தில் விற்கும் ரேஸ் புத்தகத்தின் குறிகளையும், பணம் கட்டும் கவுன்ட்டரில் புழங்கும் பேச்சையும் இங்கே விளக்கியிருக்கிறேன். இந்திய மைதானங்களின் வழக்கமே அடிப்படை. குதிரையின் மேல் பணம் கட்டும்படி யாரையும் நான் தூண்டவில்லை. கட்டுகிறவருக்கு, எதற்குக் கட்டுகிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் எங்கெல்லாம் பந்தயம் நடக்கிறது? கிண்டியில் இப்போது என்ன நிலை?

மும்பை மகாலட்சுமி, புனே, பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத் மலக்பேட்டை, கொல்கத்தா, டெல்லி ஆகியவை முக்கிய மைதானங்கள். தமிழ்நாட்டில் கிண்டியும் ஊட்டியும். சென்னையில் 18ஆம் நூற்றாண்டிலேயே குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. குளிர்காலத்தில் கிண்டி, கோடையில் ஊட்டி என்று பருவம் மாறுவதுதான் நெடுநாள் வழக்கம்.

2024 ஜூனில், குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி, ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கர் நிலத்தை வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிக்கும் அதே கதி. 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த 160 ஏக்கரின் குத்தகையை அரசு ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. இரண்டு விவகாரங்களும் நீதிமன்றப் படி ஏறின. எனவே தமிழ்நாட்டுப் பந்தய அட்டவணையைப் பழைய நினைவில் நம்பிப் புறப்பட வேண்டாம். அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஸ் புத்தகத்தில் ஒரு குதிரையின் பெயரைச் சுற்றி அத்தனை எழுத்துகளும் எண்களும் எதற்கு?

ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. இடது ஓரத்தில் குதிரையின் எண். அதை ஒட்டிச் சிறு எண்களாக ஒரு வரிசை இருக்கும்: கடைசிச் சில ஓட்டங்களில் அது எத்தனையாவதாக வந்தது என்ற கணக்கு. 3, 1, 0, 2 என்று இருந்தால் மூன்றாவது, முதலாவது, இடம் பெறாத ஓட்டம், இரண்டாவது என்று பொருள். இதைத்தான் ‘ஃபார்ம்’ என்பார்கள்.

பெயருக்குப் பின்னால் நிறமும் பாலினமும் ஒன்றிரண்டு எழுத்துச் சுருக்கத்தில் வரும். ‘பே’ என்றால் செம்பழுப்பு உடலும் கறுப்புப் பிடரியும். ‘செஸ்ட்நட்’ என்றால் உடலும் பிடரியும் செம்பட்டை. ‘கிரே’ என்றால் சாம்பல் வெள்ளை. நான்கு வயது வரை ஆண் ‘கோல்ட்’, பெண் ‘ஃபில்லி’. அதன் பிறகு ஆண் வெறும் ‘ஹார்ஸ்’, பெண் ‘மேர்’. காயடிக்கப்பட்ட ஆண் ‘கெல்டிங்’. முரட்டுக் குணத்தை அடக்கவும் கவனம் சிதறாமல் இருக்கவும் காயடிப்பதுண்டு. வம்ச விருத்திக்கு உதவாது என்பதால் டெர்பி போன்ற உயர்ந்த பந்தயங்களில் கெல்டிங்குக்கு இடமில்லை.

அடுத்து பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை, தொடக்கக் கூண்டின் எண். இந்தியப் புத்தகங்களில் லாடத்துக்கும் தனிப் பத்தி உண்டு. அலுமினிய லாடமா, இரும்பு லாடமா என்று ஒற்றை எழுத்தில் குறித்திருப்பார்கள். அலுமினியம் எடை குறைவு. நேற்றுவரை இரும்பு லாடத்தில் ஓடிய குதிரைக்கு இன்று அலுமினியம் அடித்திருந்தால், லாயத்தார் இன்று ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்று பழைய கைகள் ஊகிப்பார்கள். அந்த ஊகம் எல்லா நாளும் பலிப்பதில்லை. ஆனாலும் முதலில் லாடத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஜாக்கியின் பெயரைப் பார்க்கிறவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு.

5ஆம் எண் குதிரை ஐந்தாவது கூண்டிலிருந்துதானே கிளம்பும்?

இல்லை. சேணத்துக்கு அடியில் இருக்கும் துணியில் எழுதிய எண் வேறு; அதைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்க வேண்டும். கூண்டு எண் சீட்டுக் குலுக்கலில் கிடைப்பது; அதற்கு ‘டிரா’ என்று பெயர். வளைவு சீக்கிரம் வந்துவிடும் குறுகிய ஓட்டங்களில் வெளிக்கூண்டு கிடைத்த குதிரை சில மீட்டர் அதிகம் ஓட நேரிடும்.

ஹேண்டிகேப் என்றால் என்ன? நல்ல குதிரைக்கு ஏன் அதிக எடை?

பந்தயத்தில் நம்மவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். இது புரிந்தால் பாதிப் புத்தகம் புரிந்துவிடும்.

ஒவ்வொரு குதிரைக்கும் அதன் ஓட்டங்களை வைத்து அதிகாரி ஒருவர் ஒரு மதிப்பெண் தருகிறார். அதுதான் ‘ரேட்டிங்’, தருபவர் ‘ஹேண்டிகேப்பர்’. 20 முதல் 45 வரை மதிப்பெண் உள்ளவை ஒரு வகுப்பு, 40 முதல் 65 வரை இன்னொரு வகுப்பு என்று பந்தயங்கள் பிரிக்கப்படும். ஒரே வகுப்புக்குள் 45 பெற்ற குதிரையும் 25 பெற்ற குதிரையும் சம எடையுடன் ஓடினால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் வலிமையானதன் முதுகில் சுமையைக் கூட்டுகிறார்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ என்பது பொதுவான கணக்கு. 45 பெற்ற குதிரை 60 கிலோ சுமந்தால், 25 பெற்றது 50 கிலோ சுமக்கும்.

இந்த எடை ஜாக்கியும் சேணமும் சேர்ந்தது. ஜாக்கி ஒல்லியாக இருந்து எடை குறைந்தால், சேணத்தோடு இருக்கும் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். புதிதாகப் பயிற்சி பெறும் இளம் ஜாக்கி ஏறினால் சில கிலோ சலுகை உண்டு. அதற்கு ‘அலவன்ஸ்’ என்று பெயர். ஆள் அனுபவம் குறைந்தவர், சுமையும் குறைந்தது, எது மேலோங்கும் என்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாக் குதிரைகளும் கடைசிக் கம்பத்தை ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பதுதான் ஹேண்டிகேப்பரின் கனவு. அது முழுதாக நிறைவேறினால் பந்தயத்தில் பணம் கட்ட ஒரு காரணமும் இருக்காது. அவர் எங்கே சறுக்கியிருக்கிறார் என்று தேடுவதுதான் பந்தயம் பார்ப்பவரின் மூளை வேலை. ஜெயித்த குதிரையின் மதிப்பெண் ஏறும்; அது மேல் வகுப்புக்குப் போய்ச் சுமை குறைவாகவும் போட்டி கடுமையாகவும் ஓட வேண்டியிருக்கும். தொடர்ந்து தோற்கும் குதிரை கீழே இறங்கி, ஒருநாள் தன்னைவிட இளைத்தவற்றோடு நிற்கும். அந்த நாளைத்தான் எல்லோரும் காத்திருந்து பிடிக்கப் பார்க்கிறார்கள்.

ஹேண்டிகேப் இல்லாத பந்தயங்களும் உண்டு. வயது, பாலினம், ஜெயித்த எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து எடை முடிவாகும் பந்தயம் ‘டேர்ம்ஸ்’. இதுவரை ஒருமுறைகூட ஜெயிக்காத குதிரை ‘மெய்டன்’. அவற்றுக்கென்றே தனிப் பந்தயம் நடத்துவார்கள்.

குதிரைக்கு வயது எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இந்தியாவில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரியில் ஒரு வயது முடிந்துவிடும். ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் குட்டி போட வைப்பதில் பண்ணைக்காரர்கள் குறியாக இருப்பார்கள்.

பெயருக்குக் கீழே இரண்டு பெயர்கள் போட்டிருக்கிறதே?

தகப்பன், தாய். தகப்பனை ‘சையர்’, தாயை ‘டாம்’ என்பார்கள். பந்தயக் குதிரைகள் எல்லாம் ‘தரோபிரெட்’ என்ற ஒரே இனம். ஆண் வழியில் பின்னோக்கிப் போனால் பயர்லி டர்க், டார்லி அரேபியன், காடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில்தான் போய் நிற்கும். வம்சத்தைப் பார்ப்பது வீண் பெருமைக்காக இல்லை. தகப்பனின் குட்டிகள் குறுகிய ஓட்டத்தில் ஜெயிப்பவையா, நெடிய ஓட்டத்தில் மூச்சு தாங்குபவையா என்பது தெரிந்தால், இதுவரை 1200 மீட்டர் மட்டுமே ஓடிய குதிரை முதல்முறையாக 2000 மீட்டர் ஓடும்போது ஏதோ ஒரு துப்புக் கிடைக்கும்.

பண்ணைகளைப் பற்றி ஒரு கிளைக்கதை. புனேயில் பூனாவாலா குடும்பத்தார் பந்தயக் குதிரைப் பண்ணை நடத்தினார்கள். ஓய்வு பெற்ற குதிரைகளை, அவற்றின் ரத்தத்திலிருந்து சீரம் எடுப்பதற்காக மும்பை ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தார்கள். அதை நாமே செய்தால் என்ன என்று சைரஸ் பூனாவாலா 1966இல் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். கொரோனா காலத்தில் நம்மில் பலர் கையில் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு அங்கிருந்து வந்தது.

‘டிராக் வொர்க்’ என்று நாளிதழில் வருகிறதே, அதை எப்படிப் படிப்பது?

காலைப் பயிற்சியின் நேரக் குறிப்பு அது. ‘அவுட்டர் சாண்ட், 800 மீ, 54, 600 மீ, 40, மூவ்டு வெல்’ என்று இருந்தால், வெளிப்புற மணல் பாதையில் 800 மீட்டரை 54 விநாடியில் கடந்தது, அதன் கடைசி 600 மீட்டருக்கு 40 விநாடி ஆனது, நன்றாக ஓடியது என்று பொருள். நேரத்தைவிட அதன் பின்னால் வரும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். ‘ஈஸி’ என்றால் முடுக்காமல் வந்த நேரம். ‘புஷ்டு’ என்றால் ஜாக்கி தூண்டி வரவழைத்தது. இரண்டு குதிரைகள் சேர்ந்து ஓடியிருந்தால் எது முன்னால் முடித்தது, எவ்வளவு தூரம் முன்னால் என்றும் எழுதுவார்கள். காலையில் ஏறும் ஆள் பந்தய ஜாக்கியைவிடக் கனமானவராக இருக்கலாம் என்பது அந்தக் குறிப்பில் தெரியாது. பயிற்சியில் புலியாகப் பாய்ந்து பந்தயத்தில் பதுங்கும் குதிரைகளுக்குப் பஞ்சமில்லை.

பேடக்கில் குதிரைகளை நடத்திக் காட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பந்தயத்துக்கு முன் சைஸ்கள் (குதிரையைப் பராமரிப்பவர்கள்) குதிரைகளைக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்தி வருவார்கள். தோல் எண்ணெய் பூசியதுபோல மினுங்குகிறதா, பின்தொடை தசை ஒவ்வொரு அடிக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். பின்கால்களுக்கு நடுவிலும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாக வியர்வை நுரைத்திருந்தால் குதிரை பதற்றத்தில் இருக்கிறது. பாதித் தெம்பை அங்கேயே செலவழித்துவிடும். சென்னை, ஹைதராபாத் வெயிலில் எல்லாக் குதிரையும் கொஞ்சம் வியர்க்கும். பக்கத்துக் குதிரைகள் உலர்ந்திருக்கும்போது ஒன்று மட்டும் நனைந்திருந்தால்தான் கவலை. கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்பு கட்டியிருந்தால் அது ‘பிளிங்கர்’. பக்கத்துக் குதிரையைப் பார்த்து மிரளாமல் நேரே ஓடுவதற்காக.

லெங்த், நெக், ஹெட், ஷார்ட் ஹெட் – இவை எவ்வளவு தூரம்?

‘லெங்த்’ என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரையின் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். அதற்குக் கீழே கழுத்தளவு (நெக்), தலையளவு (ஹெட்), அரைத் தலையளவு (ஷார்ட் ஹெட்), கடைசியாக மூக்களவு. ‘1-3/4, நெக், ஹெட்’ என்று இருந்தால் முதல் குதிரைக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இருந்த இடைவெளிகள். அடுத்து வரும் ‘1-13.45’ நேரம்: ஒரு நிமிடம் 13.45 விநாடி. ஃபர்லாங் 201 மீட்டர், ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு. இந்தியாவில் தூரத்தை இப்போது மீட்டரில்தான் எழுதுகிறார்கள். பேச்சில் மட்டும் ஃபர்லாங் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டோட் என்றால் என்ன? என் பணம் எங்கே போகிறது?

டோட் என்பது டோட்டலிசேட்டர் என்பதன் சுருக்கம்: எல்லோரும் கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறை. இந்த முறையை 1867இல் பாரிஸில் ஜோசப் ஒலே கொண்டுவந்தார். கணக்கைத் தானே போடும் முதல் பெரிய இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் உருவாக்க, அது 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓடத் தொடங்கியது.

இதில் நீங்கள் கிளப்பை எதிர்த்து ஆடுவதில்லை. உங்களைப் போலவே டிக்கெட் எடுத்த மற்றவர்களை எதிர்த்து ஆடுகிறீர்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று எல்லாக் குதிரைகளின் மேலும் எடுத்த டிக்கெட்டுகளில் மொத்தம் 1,00,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கிளப் தன் பங்காக 20 சதவீதத்தை எடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80,000. 4ஆம் எண் குதிரையின் மேல் பத்து ரூபாய் டிக்கெட் 2,000 விற்றிருக்கிறது. அது ஜெயித்தால் 80,000ஐ 2,000ஆல் வகுத்து, ஒரு டிக்கெட்டுக்கு 40 ரூபாய். அதில் நீங்கள் கட்டிய பத்தும் அடக்கம், லாபம் 30தான். 7ஆம் எண்ணின் மேல் 100 டிக்கெட் மட்டும் விற்று அது ஜெயித்திருந்தால் டிக்கெட்டுக்கு 800. இந்தத் தொகைக்குத்தான் ‘டிவிடெண்ட்’ என்று பெயர். எல்லோரும் ஒரே குதிரையைச் சொன்னால் டிவிடெண்ட் இளைக்கும். யாரும் சீண்டாத குதிரை வந்தால் வீங்கும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கிளப்பின் பங்கு யார் ஜெயித்தாலும் முதலிலேயே போய்விடுகிறது. அடுத்தது, டிக்கெட் வாங்கும்போது பலகையில் தெரியும் தொகை இறுதியானதல்ல. கூண்டு திறக்கும்வரை பணம் விழுந்துகொண்டே இருக்கும். கடைசி நிமிடத்தில் பெரிய தொகை ஒன்று விழுந்தால் உங்கள் 40 ரூபாய் 25 ஆகிவிடும்.

வின், பிளேஸ், எஸ்ஹெச்பி, ஃபோர்காஸ்ட், குவினெல்லா, டனாலா – வித்தியாசம் என்ன?

கற்பனையாக ஒரு முடிவு வரியை வைத்துப் பார்க்கலாம்: ‘ரூ.40 (டபிள்யூ), 14, 22, 17 (பி), எஸ்ஹெச்பி 61, எஃப்பி 198, கியூ 90, டனாலா 1,120’.

முதல் 40, வின் டிக்கெட்டுக்கு. குதிரை முதலில் வந்தே தீர வேண்டும். அடுத்த மூன்று எண்களும் பிளேஸ்: முதல், இரண்டாவது, மூன்றாவது வந்த குதிரைகளுக்கு முறையே. இந்த மூன்று இடத்தில் எதில் வந்தாலும் பிளேஸ் டிக்கெட்டுக்குப் பணம் உண்டு. ஓடும் குதிரைகள் குறைந்தால் இரண்டு இடத்துக்கு மட்டும்தான் தருவார்கள். அந்த எண்ணிக்கை மைதானத்துக்கு மைதானம் கொஞ்சம் மாறும். பத்து ரூபாய்க்கு 11, 12 என்று பிளேஸ் வருவது சகஜம். அந்த ஒரு ரூபாய்க்கு இவ்வளவு படபடப்பு தேவையா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எஸ்ஹெச்பி என்பது இரண்டாவது வரும் குதிரைக்கான பந்தயம். குதிரை இரண்டாவதாகவே வர வேண்டும். ஜெயித்துவிட்டால் உங்கள் டிக்கெட் செத்தது. டிஹெச்பி அதேபோல மூன்றாவது இடத்துக்கு. எஃப்பி என்று சுருக்கி எழுதுவது ஃபோர்காஸ்ட்: முதல் இரண்டு குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். கியூ என்பது குவினெல்லா: அதே இரண்டு, வரிசை எப்படி இருந்தாலும் சரி. அதனால்தான் அது ஃபோர்காஸ்டில் ஏறக்குறைய பாதியாக இருக்கிறது. டனாலா: முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

ஜாக்பாட் எப்படி அடிக்கிறது?

அன்றைய பந்தயப் பட்டியலில் குறிப்பிட்ட ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளை, முதல் பந்தயம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்று பந்தயத்துக்கானது ‘ட்ரெபிள்’, நான்குக்கானது ‘மினி ஜாக்பாட்’. சேர்ந்த தொகையில் 70 சதவீதம் முழுதாகச் சொன்னவர்களுக்கு, 30 சதவீதம் அவர்களுக்கு அடுத்த நிலையில் நின்றவர்களுக்கு ஆறுதலாக. நாளிதழில் ‘ஜாக்பாட் 70%, 30%’ என்று இரண்டு தொகையும், பக்கத்தில் எத்தனை டிக்கெட் என்பதும் வரும். யாருமே சொல்லவில்லையென்றால் அந்தத் தொகை அடுத்த நாளுக்கு ஏற்றப்படும். அதைக் ‘கேரி ஓவர்’ என்பார்கள். அந்த நாளில் கூட்டம் அலைமோதும்.

ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரே குதிரையைச் சொல்வது கடினம் என்பதால் இரண்டு மூன்று குதிரைகளைச் சேர்ப்பார்கள். இங்கேதான் பணம் கரையும். ஐந்து பந்தயத்திலும் இரண்டிரண்டு குதிரை என்றால் 32 சேர்க்கை. பத்து ரூபாய் வீதம் 320. மும்மூன்று என்றால் 243 சேர்க்கை, 2,430 ரூபாய். இன்னும் ஒரு குதிரையைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் பெருக்கிப் பார்ப்பது நல்லது.

புக்கி சொல்லும் ‘ஐந்துக்கு இரண்டு’, ‘ஈவன்’, ‘ஆட்ஸ் ஆன்’ எல்லாம் என்ன?

மைதானத்துக்குள் உரிமம் பெற்று நிற்கும் புக்கி தன் பணத்தை வைத்து உங்களோடு பந்தயம் கட்டுகிறார். அவர் சொல்லும் விகிதம் ‘ஆட்ஸ்’. 5/2 என்றால் இரண்டு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் லாபம். பத்து ரூபாய் கட்டினால் லாபம் 25, கட்டியதோடு சேர்த்துக் கையில் 35. ‘ஈவன்’ என்றால் கட்டிய அளவே லாபம். கட்டியதைவிட லாபம் குறைவாக இருந்தால் ‘ஆட்ஸ் ஆன்’. மும்பைப் பக்கம் இதைப் பைசாவில் சொல்வார்கள். ‘80 பைசா’ என்றால் ஒரு ரூபாய்க்கு 80 பைசா லாபம். மிகக் குறைந்த விகிதம் பெற்ற குதிரைதான் ‘ஃபேவரிட்’. யாரும் எதிர்பார்க்காதது ‘அவுட்சைடர்’.

புக்கியின் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நான்கு குதிரைகள் ஓடுகின்றன: ஈவன், 2/1, 4/1, 6/1. இவை ஒவ்வொன்றும் குறிக்கும் வாய்ப்பைச் சதவீதத்தில் போட்டால் 50, 33.3, 20, 14.3. கூட்டினால் 117.6. நூறில் அடங்க வேண்டிய வாய்ப்பு 117ஆக நிற்கிறது. அந்த மிகுதிதான் புக்கியின் கூலி. ஓய்வான நேரத்தில் எந்த ரேஸ் பலகையையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள். நூறுக்குக் கீழே வந்தால் நீங்கள் தவறாகக் கூட்டியிருக்கிறீர்கள்.

டோட்டில் விகிதம் கடைசிவரை மாறும். புக்கியிடம் கட்டும் நொடியில் சொன்ன விகிதம் உறுதி. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். மைதானத்துக்கு வெளியே, தெருமுனையிலும் தொலைபேசியிலும் நடக்கும் உரிமமில்லாத புக்கி வியாபாரம் குற்றம். பணம் வரவில்லையென்றால் புகார் செய்யவும் ஓர் இடம் இருக்காது.

பந்தயம் முடிந்தவுடன் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

கூடாது. ஓடி முடித்த ஜாக்கிகள் சேணத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எடை மேடைக்குப் போவார்கள். கிளம்பும்போது இருந்த எடை இப்போதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; குறைந்திருந்தால் குதிரை தகுதி இழக்கும். கடைசி நேரத்தில் ஒரு குதிரை குறுக்கே சாய்ந்து இன்னொன்றின் வழியை மறித்திருந்தால், பாதிக்கப்பட்ட ஜாக்கி ‘ஆப்ஜெக்‌ஷன்’ எழுப்பலாம். ‘ஸ்டூவர்ட்’ எனப்படும் நடுவர்கள் தாங்களாகவும் விசாரிக்கலாம். பக்கவாட்டிலிருந்தும் நேரெதிரிலிருந்தும் எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்து, தேவையானால் வரிசையை மாற்றுவார்கள். எல்லாம் சரி என்று ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகே பணம் தருவார்கள். அந்த இடைவெளியில் தரையில் கிடக்கும் டிக்கெட்டுகளைக் குனிந்து பொறுக்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

டெட் ஹீட் ஆனால்? குதிரை ஓடவே இல்லையென்றால்?

புகைப்படத்திலும் பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாகத் தொட்டிருந்தால் டெட் ஹீட். இரண்டுக்கும் பணம் உண்டு. பங்கு பிரிவதால் குறைவாகக் கிடைக்கும். ஓடுவதற்கு முன் விலக்கப்பட்ட குதிரையின் மேல் எடுத்த வின், பிளேஸ் டிக்கெட்டுக்கு டோட் பணத்தைத் திருப்பித் தரும்.

‘ஜாக்கி பிடித்து ஓட்டினான்’ என்று தோற்றவர்கள் சொல்வது உண்மையா?

சில நேரம். குதிரையை அதன் முழுத் திறனுக்கு ஓட்ட வேண்டும் என்பது விதி. மீறியதாகத் தெரிந்தால் ஜாக்கியையும் பயிற்சியாளரையும் விசாரித்து இடைநீக்கம் செய்வார்கள். மதிப்பெண்ணைக் கீழே இறக்குவதற்காக வேண்டுமென்றே தோற்கும் ஆசை ஹேண்டிகேப் முறையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் நான் கேட்ட புலம்பல்களில் பெரும்பாலானவை, நன்றாக ஓடியும் தோற்ற குதிரைகளைப் பற்றியவை. தான் தேர்ந்தெடுத்தது தவறு என்பதைவிட ஜாக்கி திருடன் என்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

சட்டப்படி இது சூதாட்டமா?

1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு ஏற்றுக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. இரண்டையும் எதிர்த்த வழக்கில், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வேகம், மூச்சு, பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுப்பதால் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த ஆட்டம், சட்டம் சொல்லும் சூதாட்டத்தில் சேராது என்றது. 1986 சட்டத்தையும் செல்லாது என்றது. லட்சுமணன் வழக்கு என்று சட்டக்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். இணைய ரம்மி வழக்குகளிலெல்லாம் இதன் பெயர் அடிபடும். எனக்கு அந்தத் தீர்ப்பின் தர்க்கம் ஏற்புடையதுதான், ஒரு நிபந்தனையோடு: குதிரையை எடைபோடுவது திறன், பெயர் பிடித்திருக்கிறது என்று டிக்கெட் எடுப்பதில் என்ன திறன் இருக்கிறது?

வரி எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத் தொகையின் மீது ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28. இது ஜெயித்த பணத்தின் மேல் வருவதல்ல, கட்டும் பணத்தின் மேலேயே விழுவது. ஜெயித்தால் வருமான வரி தனி: பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் வெற்றியில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். மாதம் முழுவதும் தோற்ற கணக்கைக் காட்டி அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. கிளப்பின் பங்கையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், குதிரையைச் சரியாகக் கணிப்பவருக்கும் மிச்சம் தேறுவது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

டிப்ஸ் நம்பலாமா? ‘உள்ளிருந்து வந்த தகவல்’ என்கிறார்களே?

நாளிதழ் நிருபர் தரும் தேர்வுகள் நேர்மையான ஊகங்கள். ‘டேஸ் பெஸ்ட்’ என்று அவர் ஒன்றைத் தனியாகக் காட்டுவார். அதை எல்லோரும் படிப்பதால் அந்தக் குதிரையின் டிவிடெண்ட் அதற்குள் இளைத்திருக்கும். காசு வாங்கிக்கொண்டு கைபேசியில் ‘உறுதியான குதிரை’ அனுப்புகிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அவ்வளவு உறுதி என்றால், டிவிடெண்டைக் குறைத்துக்கொண்டு எனக்கு ஏன் சொல்கிறீர்கள்?

கிளாசிக் பந்தயங்கள் எவை?

இங்கிலாந்தின் மாதிரியில் அமைந்த ஐந்து: 1000 கினீஸ், 2000 கினீஸ், ஓக்ஸ், டெர்பி, செயின்ட் லெஜர். கினீஸ் இரண்டும் 1600 மீட்டர், ஓக்ஸும் டெர்பியும் 2400, லெஜர் 2800. 1000 கினீஸும் ஓக்ஸும் பெண் குதிரைகளுக்கு மட்டும். இந்தியன் டெர்பி பிப்ரவரி முதல் ஞாயிறன்று மகாலட்சுமியில் நடப்பது வழக்கம். 1943இல் நடந்த முதல் டெர்பியை ஜெயித்தது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண் குதிரை. பெண் குதிரையால் 2400 மீட்டரில் ஆண்களோடு ஈடுகொடுக்க முடியாது என்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம். லெஜர் புனேயில். ஊர் ஊராகச் சுற்றி வரும் இன்விடேஷன் கோப்பையும் உண்டு. தெற்கில் கிண்டியின் சவுத் இந்தியா டெர்பி, ஊட்டியின் நீலகிரி டெர்பி. தமிழ்நாட்டில் இந்தக் கோப்பைகளைப் பற்றிப் பேசினால் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் பெயர் வராமல் இருக்காது. குதிரை வைத்திருப்பதில் நாட்டிலேயே பெரிய கைகளில் ஒருவராக இருந்தவர், கிளப்பின் தலைவராகவும் இருந்தார், 2015இல் காலமானார்.

குதிரைகளுக்கு ஏன் அப்படி விநோதமான பெயர்கள்?

ரோமன் எழுத்தில், இடைவெளியும் சேர்த்து, 18 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. புழக்கத்தில் உள்ள பெயரை வைக்க முடியாது. புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்களை மறுபடி யாருக்கும் தருவதில்லை. எளிய பெயர்கள் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. அதனால் தகப்பன் பெயரில் பாதி, தாய் பெயரில் பாதி என்று ஒட்டுப்போடுவதும், சொற்களை இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. வாயில் நுழையாத பெயர்களால் வர்ணனையாளர்கள் படும் பாட்டை, பன்னிரண்டு குதிரைகள் கும்பலாகக் கடைசி வளைவைத் திரும்பும்போது ஒலிபெருக்கியில் கேட்கலாம்.